நெல்லு ஆகாசத்தில் பறக்காது! ரயிலுக்குக் கணக்குப் போடு!

 

2025 அக்டோபரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்டாவில் குறுவை நல்லா விளைஞ்சுது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே இடமில்லை. ஏற்கனவே வாங்கிய மூட்டைகள் நகராமல் அட்டி அட்டியாகக் கிடந்தன. நம்ம நெல் ரோட்டோரம் குவிந்தது. மழை வந்தது, நெல் முளைத்தது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்கு என்று டெல்லிக்கு மனு. பார்வையிட மத்தியக் குழு. விளைவித்தவனோ தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல்!

டெல்டாவிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை டன் வெளியே போக முடியும்? அறுவடைக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டு நம்மிடம் காட்டியவர் யார்? சரி, நாமே போடுவோம்.

நீடாமங்கலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ 42 வேகன் கூட்ஸ் வண்டி புறப்பட்டால் சுமார் 2,000 டன் நெல் போகும். 40 கிலோ மூட்டைக் கணக்கில் 50,000 மூட்டை! அதையே பத்து டன் லாரியில் ஏற்றினால் 200 லாரி வேணும்.

இப்போ ஆகாயக் கணக்கு. திருச்சி விமான நிலையத்தில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புது முனையம் கட்டி, 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்தார்கள். வருஷத்துக்கு 44 லட்சம் பயணிகள் வந்துபோகலாம் என்றார்கள். நல்லது. நம்ம பிள்ளைகளும் சிங்கப்பூர், துபாய் என்று பிழைக்கப் போகிறார்கள், வேண்டாம்னு சொல்லலை. ஆனால் அங்கே வருஷம் பூரா கையாளும் சரக்கு சில ஆயிரம் டன்தான். காய்கறி, பழம், பூ என்று போகும் அந்தச் சரக்கும் பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடியில், பெட்டி படுக்கை போக மிச்சமுள்ள இடத்தில்தான் ஏறுகிறது. அந்த ஒரு வருஷச் சரக்கை நம்ம கூட்ஸ் வண்டி அஞ்சே நடையில் தூக்கிவிடும்!

நூறு டன் ஏற்றும் பெரிய சரக்கு விமானமே வந்தாலும், ஒரு கூட்ஸ் வண்டி நெல்லுக்கு 20 விமானம் வேணும். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். கிலோ 25 ரூபாய் நெல் விமானக் கூலியைத் தாங்குமா? "ஏர்போர்ட் வந்தால் விவசாயி வளம் பெறுவான்" என்று மேடையில் பேசுகிறவரை நிறுத்திக் கேளுங்கள்: எந்தச் சரக்கு? எத்தனை டன்? எந்த மாசத்தில்?

ரயில் கணக்கிலும் ஏமாத்து உண்டு. தண்டவாளம் போட்டதும் சரக்கு ஓடிவிடாது. திருவாரூர் - காரைக்குடி பாதையைப் பாருங்கள். 149 கிலோமீட்டர். 2012இல் மீட்டர் கேஜை மூடினார்கள். அகலப் பாதை முழுசாகத் திறக்க 2019 ஆச்சு. அப்போதும் கேட்டுக்கு ஆள் போடலை. வண்டியிலேயே ஆள் வந்து, இறங்கிக் கேட்டை மூடி, வண்டி தாண்டினதும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். போய்ச்சேர ஆறு மணி நேரத்துக்கு மேல்! இரும்பு இருந்தது, ஆள் இல்லை.

தஞ்சாவூர் - திருவாரூர் ஒற்றைப் பாதை. மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் போகும் மெயின் லைனும் ஒற்றைப் பாதை. எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸ் ஒதுங்கி நிக்கணும். நீடாமங்கலத்தில் கூட்ஸ் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினால் கேட் மூடி, தஞ்சை - நாகை ரோடே நின்றதைப் பல வருஷம் பார்த்தோம். கூரையில்லாத இடத்தில் மழை பெய்தால் மூட்டை ஏற்றுவது நிற்கும். கொடுத்த நேரம் தாண்டினால் டெமரேஜ் ஓடும். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், மடை எவ்வளவோ அவ்வளவுதான் தண்ணி பாயும். அதிகாரிகள் வாய்க்காலை அளக்கிறார்கள், மடையைப் பார்ப்பதில்லை!

நமது கோரிக்கைகள்:

1. குறுவை, சம்பா அறுவடைக்கு முன்பே, எந்த வாரம் எத்தனை டன் நெல் வரும், எத்தனை கூட்ஸ் வண்டி வேணும் என்று மாநில அரசும் ரயில்வேயும் சேர்ந்து கணக்கிட்டு, ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

2. நெல் ஏற்றும் ஸ்டேஷன்களில் முழு வண்டி நீளத்துக்குப் பிளாட்பாரம், கூரை, விளக்கு வேண்டும்.

3. டெல்டா ரயில் பாதைகளை இரட்டைப் பாதையாக்க வேண்டும்.

4. வாங்கிய மூட்டையை மூன்று நாளுக்குள் நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் வரும் நஷ்டம் விவசாயி தலையில் விழக்கூடாது.

தோழர்களே! கணக்கு அவர்கள் கையில் மட்டும் இருந்தால் நாம் கையேந்தித்தான் நிக்கணும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். இன்றைக்கு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை வெளியே போனது, எத்தனை நாள் கிடந்தது, எத்தனை நனைந்தது என்று தேதியோடு எழுதுங்கள். பள்ளிக்கூடம் போற பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் எழுதிவிடும். கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் அந்த நோட்டை மேசை மேல் விரிப்போம்!

வேகன் கொடு! கூரை போடு!
விளைந்த நெல்லை வீணாக்காதே!
அணி திரள்வோம்! வென்று காட்டுவோம்!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்