மூன்று மூட்டை வித்தியாசத்தை நம்பலாமா?

கேள்வி: எங்கள் உழவர் குழுவில் நெல் மகசூலைக் கணக்கெடுத்தோம். ராஜபாளையம் பக்கம் சாதா நடவு செய்த 5 பேருக்கு ஏக்கருக்குச் சராசரி 28 மூட்டை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒற்றை நாற்று நடவு செய்த 5 பேருக்கு 31 மூட்டை. எல்லோரும் கடன் வாங்கிக் களையெடுக்கும் கருவிகள் வாங்கி, அடுத்த பட்டத்தில் மாறிவிடலாமா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: கடன் வாங்க இந்தக் கணக்கு போதாது. குழு அனுப்பிய பட்டியலில் சாதா நடவுக்கு 24, 26, 27, 30, 33 மூட்டை. ஒற்றை நாற்றுக்கு 25, 29, 31, 34, 36. ஒரே முறையில் நட்டவர்களுக்குள்ளேயே 9, 11 மூட்டை வித்தியாசம் இருக்கிறது. இப்படி இருந்தால், வேறு ஐந்து பேரைக் கேட்டாலே சராசரி இரண்டு மூன்று மூட்டை மாறிவிடும்.

இதை அளக்கும் வழியை 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டவர் கோசெட். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். கொஞ்சம் மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வேண்டிய நிலை அவருக்கு. ஒவ்வொரு விளைச்சலும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும். சாதா நடவுக்கு 50, ஒற்றை நாற்றுக்கு 74 வரும். ஆள் கணக்கில் ஒன்று குறைத்து 4-ஆல் வகுத்தால் 12.5, 18.5. இவற்றை மறுபடி 5-ஆல் வகுத்துக் கூட்டினால் 6.2. அதன் வர்க்கமூலம் சுமார் 2.5. வித்தியாசமான 3-ஐ இதனால் வகுத்தால் 1.2 கிடைக்கிறது. பக்கத்துக்கு 5 பேர் என்றால் இது 2.3-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. ஒற்றை நாற்று நடவு பயனற்றது என்று இதற்கு அர்த்தமல்ல. இந்தப் பத்துப் பேரை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இதே ஏற்ற இறக்கத்தோடு பக்கத்துக்கு 20 பேரிடம் அதே 3 மூட்டை வந்திருந்தால் 2.4 வரும், அங்கே தாண்ட வேண்டியது 2 சொச்சம்தான்.

ஆனால் ஆளைக் கூட்டினாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஒரு முறை முழுக்க ராஜபாளையத்தில், மற்றது முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில். கூடுதல் மூட்டை நடவால் வந்ததா, கண்மாய்த் தண்ணீரால் வந்ததா, மண்ணாலா, ரகத்தாலா? எந்தச் சூத்திரமும் இதைப் பிரித்துக் காட்டாது.

அடுத்த பட்டத்தில் இரண்டு ஊரிலும் சிலரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கட்டும். நன்றாக விளைவிப்பவராகப் பார்த்து எடுக்கக் கூடாது. அவரவர் வயலையே இரண்டாகப் பிரித்து, ஒரே ரகம், ஒரே உரம், ஒரே தண்ணீர் வைத்து, பாதியில் ஒற்றை நாற்று நடலாம். அறுவடையில், அரசின் பயிர் அறுவடைப் பரிசோதனையில் செய்வதுபோல், இரண்டு பாதியிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து, ஒரே அளவு காயவைத்து எடை போட வேண்டும். இதற்குக் குழுவுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு கருவி இருந்தால் போதும்.