ரகசியம் யாரிடமிருந்து?

சீன-வியத்நாம் எல்லையோரம் வாழும் ஒரு பல்லி இனத்துக்கு 1999-ல் விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். அது கிடைத்த இடத்தையும் எழுதி அச்சிட்டார்கள். நடந்தது என்ன? அந்தக் காகிதத்தையே வழிகாட்டியாகக் கொண்டு வியாபாரிகள் அங்கே படையெடுத்தார்கள். வெளிநாட்டுப் பணக்காரர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க ஒரு பல்லி ஆயிரம் டாலருக்கு மேல் விலை போயிற்று. கண்டெடுத்த இடத்தில் அந்த இனமே இல்லாமல் போயிற்று.

"ஆகவே இடத்தை வெளியே சொல்லவே கூடாது" என்கிறார்கள் சிலர். இதில் பாதி உண்மை இருக்கிறது. இன்று செல்போனில் எடுக்கும் படத்தோடு இடமும் பதிவாகிவிடுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்கள், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் சரியான இடத்தைக் காட்டாமல், சுமார் இருபது கிலோமீட்டர் வட்டாரத்தை மட்டும் காட்டுகின்றன. நல்ல காரியம்தான்.

ஆனால் மறு பாதியை மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி சொல்கிறது. வல்லூறு, ராஜாளிக் கழுகு, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் அங்கே உண்டு என்று பட்டியல் எழுதப்பட்டது. 2022 நவம்பரில் மாநில சர்க்கார் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024-ல் அந்த இடத்தையும் சேர்த்து ஏறக்குறைய 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கென மத்திய சர்க்கார் ஏலம் விட்டது. விவசாயிகள் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று.

வென்றது ஜனங்களின் ஒற்றுமை. ஆனால் அந்தப் பட்டியலும் அவர்கள் கையில் ஆயுதமாக இருந்தது. அதைப் பூட்டி வைத்திருந்தால், "வெறும் பாறை, தரிசு" என்று எழுதிவிடுவது சுரங்க முதலாளிக்கு எவ்வளவு சுலபம்!

ஆகவே கேள்வி ரகசியம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல, யாரிடமிருந்து என்பதே. எறும்புத்தின்னியின் வளை எந்தப் பாறைக்கு அடியில் என்பது வியாபாரிக்குத் தெரியக்கூடாது. அந்த மலையில் எறும்புத்தின்னி உண்டு என்பது ஊரறியத் தெரிய வேண்டும்.

2002-ம் வருஷத்துச் சட்டப்படி ஊராட்சிதோறும் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதை ஆபீஸில் உட்கார்ந்து எழுத முடியாது. ஆடு மேய்ப்பவரும் வயல் கூலியாளும் அறிந்ததைக் கேட்டு எழுத வேண்டும். சரியான இடக்குறிப்பு ஊர்க் குழுவின் பொறுப்பில் இருக்கட்டும். சுரங்கமோ ஆலையோ வருமுன் பதிவேட்டைக் கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். வேட்டை வழக்கில் கூலிக்குக் கண்ணி வைத்தவனோடு நின்றுவிடாமல், பணம் கொடுத்த வியாபாரியையும் கூண்டில் ஏற்றட்டும்.

தோழர்களே! அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: "எங்கள் ஊர்ப் பதிவேடு எங்கே?"