தொழில் பழகுவோம்: இருட்டறையில் படம் கழுவுதல்



கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்தியிருந்தவை காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள். சில வீடுகளில் மிஞ்சியது ஒரேயொரு படமும் பழைய கறுப்பு வெள்ளை நெகற்றிவுமே. அதிலிருந்து புதுப்படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இன்று குறைவு. ஆகவே இதைப் பழகி வைப்போம்.

படத்தை வெளிக்கொண்டுவருவது டெவலப்பர் மருந்து. கொடாக் டெக்டோல் என்றால், கரைத்து வைத்த மருந்து 1 பங்குக்குத் தண்ணீர் 2 பங்கு. இல்ஃபோர்ட் மல்ரிகிரேட் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு. மிச்சம் பிடிக்க எண்ணிக் கூடத் தண்ணீர் விடாதீர்கள். கறுப்பு ஏறாமல் முகம் சாம்பல் பூத்துவிடும்.

மருந்து 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். எங்கள் வெக்கைக்கு அது தானாகக் கிடைக்காது. மருந்துத் தட்டைக் குளிர்நீர்ப் பாத்திரத்துள் வையுங்கள். பிளாஸ்ரிக் பூச்சுக் கடதாசியை 1 நிமிடம் முழுதும் மருந்தில் விடுங்கள். முதலில் சிறு துண்டில் பரீட்சித்துப் பாருங்கள்.

பிறகு ஃபிக்ஸரில் இட்டு, ஓடும் நீரில் 2 நிமிடம் கழுவுங்கள். ஃபிக்ஸர் மிஞ்சினால் படம் நாளடைவில் மஞ்சளாகும்.

கையுறை அணியுங்கள். மருந்தைக் குடிநீர்ப் போத்தலில் வைக்காதீர்கள். வேலை தொடங்குமுன் நெகற்றிவை ஸ்கான் செய்து பிரதி வையுங்கள். அது தொலைந்தால், அந்தத் தாய்க்கு நாம் பதில் சொல்ல முடியாது.