செமிகோலன் முற்றுப்புள்ளி இல்லீங்க!

சி புரோகிராம்ல செமிகோலன் போட்டா ஸ்டேட்மென்ட் காலி. விட்டா கம்பைலர் கத்தும். இங்கிலீஷ்ல அது முடிச்சு வைக்கிற ஆள் இல்லை பாஸ், சேர்த்து வைக்கிற ஆள்! தனியா நிற்கக்கூடிய ரெண்டு வாக்கியங்களை ஒட்டும். ‘தி கோட் இஸ் ரெடி, தி டெஸ்டிங் இஸ் நாட்.’ இங்கே கமா போட்டால் தப்பு. நடுவுல ‘ஹவ்எவர்’ வந்தா, அதுக்கு முன்னாடி செமிகோலன், பின்னாடி கமா. 1490-களில் வெனிஸ் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சில் ஏத்தின குறி இது.

கோலன் கதை வேற. பிளேஸ்மென்ட்டுக்கு வெச்சிருக்கிற ரெஸ்யூமேவை எடுங்க. ‘மை ஸ்கில்ஸ் ஆர்’னு எழுதி, உடனே கோலன் இருக்கா? தூக்கிடுங்க. வாக்கியத்துக்குள்ள கோலன் வந்தா, அதுக்கு முன்னாடி இருக்கறது முழுசா இருக்கணும். ‘ஐ நோ த்ரீ லாங்குவேஜஸ்: சி, ஜாவா அண்ட் பைத்தான்’ ஓகே. (வெறும் தலைப்புன்னா ‘ஸ்கில்ஸ்’ பக்கத்துல கோலன் தாராளமா இருக்கலாம்.) ‘ஹெச்.ஆர். இதெல்லாமா பார்ப்பாங்க?’ன்னு கேட்காதீங்க. பத்து பேருக்கும் ஒரே மார்க்னா, வேற எதைப் பார்ப்பாங்களாம்?

அப்புறம், இன்டர்ன்ஷிப் செஞ்ச ஊர்களை ‘சென்னை, தமிழ்நாடு; கொச்சி, கேரளா’ன்னு பிரிங்க. எல்லாத்துக்கும் கமாவே போட்டா ரெண்டு ஊர் நாலு ஊராயிடும்!