ராட்சதனுக்கு எது அறம்?

விளையாட்டுதானேன்னு விட்டுவிட முடியவில்லை தோழர்களே. 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுகிற ஆட்டம். அதில் ராட்சதர்களுக்கு 'ஆர்ட்னிங்' என்றொரு ஏணி. உச்சியில் புயல் ராட்சதன். அடுத்தடுத்து மேகம், நெருப்பு, பனி, கல். கீழே குன்று ராட்சதன். குன்றுக் கூட்டத்துக்கே தலைவனானாலும் சாதாரணக் கல் ராட்சதனுக்கும் கீழேதான். அவனும் மிதிக்க அவனுக்குக் கீழே ஆட்கள் உண்டு. எங்கேயோ பார்த்த ஏணி மாதிரி இல்ல?

குணமும் பிறப்போடு வருகிறது. 2014 விதிநூலில் குன்று ராட்சதன் கெட்டவன், புயல் ராட்சதன் நல்லவன். ஒன்றும் செய்யுமுன்பே தீர்ப்பு எழுதியாச்சு. இதுக்குப் பேர் அறமா?

1991இல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்குரேட்' இருட்டு உலகத்து ஆட்டம். ரத்தம் குடிக்கிறவனுக்கும் அங்கே 'மனிதம்' என்று 10 வரை ஓர் அளவுகோல். செய்த கொடுமைக்காகத்தான் அவன் இறங்குகிறான். ராட்சதனாக ஆடுகிறவனுக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும். பெரிய உருவம், காலடியில் நசுங்கியது யார் என்பதே முதல் கேள்வியாகட்டும்.

2016இல் வந்த 'ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்' கதையில் ராட்சதர்களின் கடவுளே ஏணியை உடைக்கிறார். உடனே என்ன நடக்கிறது? புது ஏணியில் உச்சியைப் பிடிக்க ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள்! உடைத்தவர் கடவுள், ஏணி மனசுக்குள்ளேயே கிடக்கிறது.

உடைந்ததைத் திரும்ப நிறுத்த மாட்டேன் என்கிற ராட்சதன் இருந்தால், மதிப்பெண்ணை அவனுக்குப் போடுங்கள்.