பொத்தானை அழுத்தினால் போதுமா?
பொன்னேரி வாலிபர்களும் வீட்டுப் பட்டறையும்

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு விடிகாலையில் போகும் மின்சார ரயிலைப் பாருங்கள். கையில் சாப்பாட்டு டப்பா, கழுத்தில் அடையாள அட்டையுடன் வாலிபர் கூட்டம். இவர்களில் சிலர் சி.என்.சி. யந்திரத்தின் முன்னால் நிற்கிறவர்கள். உலோகத் துண்டை மாட்டுவார்கள், பொத்தானை அழுத்துவார்கள், கடைந்து முடித்த சாமானை எடுப்பார்கள். மறுபடியும் மாட்டுவார்கள்.

மாட்டுவதையும் எடுப்பதையும் ரோபோ கையே செய்யத் தொடங்கிவிட்ட காலம் இது. அப்படியானால் இந்த வாலிபர்களின் கதி என்ன?

இதற்கு ஒரு விடை வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருக்கிறது. பொழுதுபோக்காக வீட்டிலே சிறு சி.என்.சி. யந்திரம் செய்யும் பழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. இதை விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது.

திண்ணையில் அடங்கிய யந்திரம்

எண்களைக் கொண்டு யந்திரத்தை ஆட்டிவைக்கும் வித்தையை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் செய்து காட்டினார்கள். துளையிட்ட நாடாதான் அன்று அதற்குக் கட்டளை. இன்று அந்த வேலைக்கு உள்ளங்கை அகல ஆர்டுயினோ பலகை போதும். அதை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். என்ற புரோகிராம் 2009-ல் பிறந்தது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சூத்திரம் எளிது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 எட்டுகளாக வைத்துச் சுழலும். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டை அதில் பூட்டினால், ஓர் எட்டுக்கு நகர்வது 0.04 மில்லிமீட்டர்தான். மரம், பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியம் ஆகியவற்றை இதில் செதுக்கலாம். எஃகுக்கு இது தாங்காது. சட்டம் அதிரும், கருவி முறியும்.

முறிந்தால் என்ன? அங்கேதான் படிப்பு ஆரம்பமாகிறது. திருகில் நட்டு தளர்ந்தால் வட்டம் முட்டை வடிவாகும். தொழிற்சாலையில் அதைச் சரிசெய்ய வேறொருவர் வருவார். வீட்டிலோ காரணத்தைத் தானே தேட வேண்டும். தேடிக் கண்டவன் நிபுணன் ஆகிறான்.

கோவை தந்த பாடம்

இது நமக்குப் புதிதல்ல. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டியே யந்திர நுட்பம் கற்றார். கோவையின் மோட்டார் தொழிலுக்கு முன்னோடியாக விளங்கியவர்களில் அவரும் ஒருவர்.

பொன்னேரிக்கு அந்த வாய்ப்பு வருமா? சென்னை-பெங்களூரு தொழில் தாழ்வாரத் திட்டத்தில் தேர்ந்தெடுத்த மூன்று மையங்களில் இவ்வூரும் ஒன்று. தொழிற்சாலைகள் வரலாம், வேலையும் வரலாம். ஆனால் எந்த வேலை என்பதல்லவா கேள்வி?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2016-ல் தொடங்கிய அடல் சோதனைக் கூடங்களை அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 அமைப்பதாக 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்க 2022-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. நல்ல காரியங்களே. ஆயினும் இவை மாணவர்களை எண்ணிச் செய்தவை. ஷிப்டு முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கு அங்கே இடம் ஏது?

மராட்டியத்தில் பாபல் என்ற கிராமத்தில் 2002-லேயே எம்.ஐ.டி. உதவியுடன் ஒரு பொதுப் பட்டறை எழுந்தது. கிராமத்தில் முடிந்தது பொன்னேரியில் முடியாதா? புதுக் கட்டடம்கூட வேண்டாம். இருக்கிற கூடங்களை மாலையிலும் ஞாயிறன்றும் திறந்துவைத்து, மேற்பார்வைக்கு ஓர் அனுபவசாலியை அமர்த்தினால் போதும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி அணியாமல் யந்திரத்தின் அருகே போகாதீர்கள். தொங்கும் துணியும் கையுறையும் சுழலும் கருவிக்கு இரை. குழந்தைகளை எட்ட வையுங்கள். கூலிக்குச் செய்யத் தொடங்கிவிட்டால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள். குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

பொத்தானை அழுத்தத் தெரிந்தவருக்கு யந்திரம் எஜமான். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவருக்கு அது வேலைக்காரன். நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்கப்போகிறார்கள்?