தோற்றமும் பொருளும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த காயல்பட்டினத்தில், நம் இஸ்லாமியச் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழை அரபு எழுத்துக்களிலும் எழுதி வந்தனர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்கென அவ்வெழுத்துக்களில் மாற்றங்களும் செய்துகொண்டனர். அரபுத் தமிழ் என வழங்கும் அதனைக் கண்ணால் காண்பவர் அரபு மொழி என்றே எண்ணுவர்; வாசிக்கக் கேட்பவரோ, ஈது நம் தமிழன்றோ என்பர். தோற்றம் வேறு, பொருள் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான நிலையைக் கணினியில் கண்டோம். ஒருங்குறி பரவுமுன், தமிழ் இணையப் பக்கங்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைக் கொண்டிருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றிய அவை, உள்ளே பொருளற்ற அயல் எழுத்துக் குவியலாகவே இருந்தன. 2010-ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக் கோப்புகளும், படமாகவே ஏற்றப்பட்ட அறிக்கைகளும் இன்னும் உலவுகின்றன.

இதனால் யாருக்கு இடர்? காயல்பட்டினத்திலிருந்து உள்நாட்டில் மேற்கே சென்றால் பாளையங்கோட்டை. அங்கே 1890-ஆம் ஆண்டு ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கெனப் பள்ளி தொடங்கினார். அன்று விரல் நுனியால் கற்றவர்களின் வழிவந்தோர், இன்று செவியாலும் கற்கின்றனர். கணினித் திரையிலுள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அவர்களுக்குத் துணை. 2006-ஆம் ஆண்டு தோன்றிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது பக்கத்தின் அழகைக் காண்பதில்லை; உள்ளே எழுதியுள்ளதையே படிக்கிறது.

ஆகவே, தலைப்பைப் பெரிய எழுத்தில் இட்டால் மட்டும் போதாது. 'இது தலைப்பு' என்று எச்.டி.எம்.எல். குறியால் உணர்த்தவேண்டும். அப்போதுதான் பார்வையற்றவர் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு விரைந்து செல்லலாம். படத்திற்கு விளக்கமும், விண்ணப்பப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் பெயரும் உள்ளே இருத்தல் வேண்டும். பெயரில்லாக் கட்டத்தின்முன் உதவித்தொகை நாடும் மாணவன் செய்வதறியாது நிற்பான். நிறம், அளவு, அமைப்பு ஆகியவற்றை நடைத்தாளில் தனியே வைக்கலாம். 1994-இல் ஹோக்கோன் வியூம் லீ என்பார் முன்மொழிந்த இம்முறை, 1996-இல் தரமாக வெளியாயிற்று. பொருள் ஓரிடத்திலும் தோற்றம் மற்றோரிடத்திலும் இருப்பதால், கண் மங்கிய முதியவர் தமக்கேற்பத் தோற்றத்தை மாற்றிக்கொள்ளினும் பொருள் சிதைவதில்லை.

இது வெறும் நல்லெண்ணச் செயலன்று. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் அடையாளச் சோதனையால், அமில வீச்சில் கண்ணிழந்தோர் வங்கிச் சேவை பெற இயலாது தவித்தனர். அவர்தம் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது.

நம் பள்ளிகளும் பங்குகளும் இணையத்தளம் அமைக்கின்றன. அமைத்துத் தருவோரிடம், "அழகாக உள்ளதா?" எனக் கேட்குமுன், "கண்ணை மூடிக்கொண்டு இதனைப் பயன்படுத்த இயலுமா?" என்று கேட்போம். கோயில் வாயிலில் சாய்தளம் அமைக்கும் நாம், இவ்வாயிலை மட்டும் அடைத்து வைக்கலாமோ?